தோளில் ஒரு துண்டு

என்னிடம் 43 துண்டுகள் இருக்கின்றன. பெங்களூர் வாடகை வீட்டில் அலமாரியின் ஒரு தட்டு முழுக்க அவைதான். ஸ்கார்ஃப், ஸ்டோல், துப்பட்டா, கம்ச்சா, தோர்த்து என்று கடைக்குக் கடை பெயர் மாறும். எனக்கு எல்லாமே துண்டுதான். எல்லாம் பருத்தி, எல்லாம் மெலிசு. கையில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினால் எதிர்வீட்டு மாடிக் கம்பி தெரிய வேண்டும். வாங்குவதற்கு நான் வைத்திருக்கும் ஒரே பரீட்சை அதுதான்.

சொந்த ஊர் சங்கரன்கோவில். சித்திரை மாதம் மதியம் ரத வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு, ஒருத்தி ஏன் மெல்லிய துணியாகத் தேடித் தேடி வாங்குகிறாள் என்று விளக்க வேண்டியதில்லை. தலையில் போட்டுக்கொள்ளலாம், கழுத்து வியர்வையைத் துடைக்கலாம், பஸ்ஸில் முகத்தை மூடித் தூங்கலாம். ஆபீஸ் ஏசியில் போர்த்திக்கொள்ளவும் அதுவேதான்.

இதையெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக் தீவுக்கு விடுமுறைக்குப் போய்விட்டு எனக்கு ஒரு சதுரத் துணி வாங்கிவந்தாள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பெரிய கட்டம். "அங்க பொம்பளைங்க திருவிழான்னா இதைத் தலையில கட்டுறாங்கடி. இதுக்குப் பேரு என்ன தெரியுமா? மட்ராஸ்" என்றாள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம லுங்கிக் கட்டம்லா. இதைப் போயி கடல் தாண்டி வாங்கியிருக்கா பாரு" என்றாள்.

ஆச்சி சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருட வாசிப்பு தேவைப்பட்டது.

வெட்டியதெல்லாம் துணி

முதலில் சொல். துண்டு என்றால் வெட்டி எடுத்த பகுதி. துணி என்ற சொல்லும் அப்படித்தான்: துணித்தல் என்றால் வெட்டுதல். இன்னும் பின்னால் போனால் சங்க காலத்தில் துணிக்கு அறுவை என்றொரு பெயர். அறுத்தெடுத்தது அறுவை. துணி விற்றுப் பிழைத்த ஒருவர் கவிதையும் எழுதியிருக்கிறார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரில்தான் சங்கத் தொகை நூல்களில் அவர் பாடல்கள் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் கவிதை எழுதியவர் என்று நினைத்துக்கொண்டால், கோடு எழுதிக்கொண்டே கட்டுரை எழுதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆடை என்றாலே தைத்தது என்பது பிந்தைய பழக்கம். தறியிலிருந்து நீளமாக இறங்கும் துணியை வேண்டிய அளவுக்கு அறுத்தால் வேட்டி, சேலை, துண்டு. ஊசியும் நூலும் வேண்டாம். உடம்பில் எங்கே, எப்படிச் சுற்றுகிறோம் என்பதுதான் வித்தியாசம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சண்டைகள் எல்லாம் இந்த 'எங்கே', 'எப்படி' பற்றியவைதான்.

மெல்லிய துணிக்கு நாம் பேர்போனவர்கள் என்பதற்கு வெளிச் சாட்சியும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கடல் வழிக் குறிப்பில், அர்காரு என்ற ஊரின் பெயரால் வழங்கிய மஸ்லின் பேசப்படுகிறது. அந்த ஊர் இன்றைய திருச்சியில் இருக்கும் உறையூர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

துண்டுக்கு வெளியூர்ப் பெயர்களும் வந்து சேர்ந்தன. ஆச்சி கைக்குட்டையை லேஞ்சி என்பாள். அது போர்ச்சுகீசியரின் லென்சோ. இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் லேஞ்சி என்றுதான் சொல்கிறார்கள், சிங்களத்திலும் லேன்சுவ. எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உருமா கட்டுவார்கள். உருமா, உருமால் என்பது பாரசீகத்து ரூமால்: ரூ என்றால் முகம், மால் என்றால் துடைப்பது. முகம் துடைக்க வந்த துணி இங்கே மாப்பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கப்பலேறிய கட்டம்

இப்போது ஆச்சி சொன்ன லுங்கிக் கட்டம்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் வந்தது துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வெள்ளிக் காசைவிட சோழமண்டலக் கரையின் துணி நன்றாகச் செல்லுபடியானது. அப்படிக் கிழக்கே போன கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்குப் போகும்போது உடுத்தும் கைலிக்கு இன்றைக்கும் காயின் பெலிகாட் என்று பெயர். பெலிகாட் என்றால் பழவேற்காடு. நம்மூர் ஜவுளிக்கடையில் பளையக்காட் லுங்கி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதே ஊர்தான். பழவேற்காடு வெளிநாட்டுக்காரர் வாயில் திரிந்து, திரும்பி வந்து நம் இடுப்பில் நிற்கிறது.

மேற்கே போன துணிக்கு இன்னொரு பெயர்: மெட்ராஸ் கைக்குட்டை. கைக்குட்டை என்றதும் பாக்கெட்டில் வைப்பதை நினைக்க வேண்டாம். 36 அங்குலச் சதுரம். எட்டு கஜத் துணியாக நெய்து, சதுரத்துக்குச் சதுரம் கரை வைத்து, வெட்டி விற்பார்கள். சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கரையில் சீராலா பக்கமும் நெய்யப்பட்டு, லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தத் துணியை இஞ்சிரி என்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பொதிவதற்கும், இறந்தவர் கிடத்தப்படும் அறையை அலங்கரிப்பதற்கும் இந்தத் துணி வேண்டும். எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறொன்று. கலபாரிப் பெண்கள் இந்தக் கட்டத் துணியை எடுத்து, அதில் குறிப்பிட்ட நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுப்பார்கள். பழைய கட்டம் போய்ப் புதிய உருவம் வரும். துணி இன்னும் மெலிந்து, வலை மாதிரி ஆகும். அதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே. அறுத்த நூல் துணி என்று பொருள். நாம் அறுவை என்று பெயர் வைத்ததை அவர்கள் ஊசி முனையில் செய்து காட்டிவிட்டார்கள். நம் நெசவாளி செய்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கப்பல்கள் துணியை இறக்கிவிட்டு ஆப்பிரிக்காவிலிருந்து என்ன ஏற்றின என்ற கேள்வி இருக்கிறது. மனிதர்களை ஏற்றின. இந்தியப் பருத்தித் துணி அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஒரு முக்கிய நாணயம். சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த ஒரு வகைத் துணிக்கு கினி என்றே பெயர். ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போனதால் வந்த பெயர். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அதை செனகலுக்குக் கொண்டுபோனார்கள். நம்மூரில் ஒரு நெசவாளி கால் மிதித்து நெய்த துணி, அங்கே ஒரு ஆளின் விலையில் பாதியாகவோ காலாகவோ ஆனது. அந்த நெசவாளிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிகிறது. அந்த மார்ட்டினிக் சதுரத்தை மடித்து வைக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

இரண்டு ஆணைகள்

விற்கப்பட்ட அந்தப் பெண்களின் வம்சம்தான் கரீபியனிலும் அமெரிக்கக் கரையிலும் மெட்ராஸ் துணியைத் தலையில் கட்டியது. அதில் ஒரு பகுதி ஆசையால் வந்தது. இன்னொரு பகுதி சட்டத்தால் வந்தது.

1786. அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தபான் மிரோ ஓர் ஆணை போட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் இருந்தார்கள். நன்றாக உடுத்தினார்கள், கூந்தலில் நகையும் இறகும் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பெண்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. இனிமேல் நகை, இறகு கூடாது. தலைமுடியைத் துணியால் கட்டி மூட வேண்டும். அந்தத் தலைத்துணிக்குப் பெயர் டின்யோன்.

பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஆனால் எந்தத் துணி, எந்த நிறம், எந்த முடிச்சு என்று ஆணையில் இல்லை. பளிச்சென்ற மெட்ராஸ் கட்டங்களை வாங்கி, உயரமாக, மடிப்பு மடிப்பாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இழிவுக்காகப் போட்ட துணி, பார்த்தவர்களைப் பொறாமைப்பட வைத்தது. மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் முடிச்சின் முனைகளுக்கு ஒரு பாஷையே உண்டு என்பார்கள்: ஒரு முனை நின்றால் மனசு காலி, இரண்டு என்றால் ஆள் இருக்கிறது, மூன்று என்றால் கல்யாணம் ஆனவள்.

அந்தத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. 1853இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்கள் போய் இறங்கியபோது, அவர்கள் ஊர்க் கட்டம் அவர்களுக்கு முன்பே அங்கே போய், வேறு யாருடைய தலையிலோ இருந்தது. அந்த முதல் பார்வையை யாராவது எழுதிவைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போது இரண்டாவது ஆணை. இது எங்களுக்குப் பக்கத்தில்.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் செங்கோட்டை வந்துவிடும். இப்போது இரண்டு ஊரும் தென்காசி மாவட்டம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை, அது திருவிதாங்கூர். அந்தத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம். தோளில் போடும் மேல்சீலை உயர்சாதிப் பெண்களின் உரிமை. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் எனும் சட்டை போட்டுக்கொள்ள 1813இல் திவானாகவும் ரெசிடென்டாகவும் இருந்த கர்னல் மன்றோ அனுமதி தந்தார். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேலே சீலையும் போட்டார்கள். 1822இல் கல்குளம் பகுதியில் அடிதடி ஆரம்பித்தது. சந்தையில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது.

1829 பிப்ரவரி 3 அன்று அரசு ஆணை வந்தது: குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மேல்சீலை கூடாது. பெண்கள் விடவில்லை. 1858, 59இல் மறுபடியும் பெரிய கலவரம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்க, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் புதிய ஆணை போட்டார். நாடார் பெண்கள் சட்டை போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலத் தோளைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக் கூடாது.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்தது. லூசியானாவில் ஆணை 'மூடு' என்றது. திருவிதாங்கூரில் 'மூடாதே' என்றது. இரண்டுக்கும் நடுவே 43 வருடம், பாதி உலகம். கேட்டது ஒன்றைத்தான்: பார்த்ததும் நீ யார் என்று தெரிய வேண்டும். வெட்கம், மானம், ஒழுக்கம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், தோள் துணியைப் பற்றிய விதிகள் உண்மையில் துணியைப் பற்றியவை அல்ல.

அக்குளில் இடுங்கிய துண்டு

ஆண்களுக்கும் இது உண்டு. அவர்களுக்குத் தடை தோளில்.

எங்கள் தாத்தா தறி ஓட்டியவர். கைத்தறியில் ஆரம்பித்து விசைத்தறியில் முடித்தார். சேலை அதிகம், நடுநடுவே துண்டு. தான் நெய்த ஒரு வெள்ளைத் துண்டு எப்போதும் அவர் தோளில் கிடக்கும். பாவு நூல் கொடுக்கிற முதலாளி தெருமுனையில் வருவது தெரிந்தால் அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கி, நாலாக மடிந்து, அக்குளில் இடுங்கிக்கொள்ளும். முதலாளி போனதும் மறுபடி தோளுக்கு வரும். சின்ன வயதில் அது எனக்கு ஒரு வித்தை மாதிரி இருந்தது. கை தானாகச் செய்யும். பேச்சு நிற்காது.

ஆச்சியிடம் ஒரு தடவை கேட்டேன்: "தாத்தா ஏன் ஆச்சி துண்டை எடுத்தாவ?"

"மரியாதைட்டி."

"முதலாளி ஏன் எடுக்கல?"

ஆச்சி பதில் சொல்லாமல் தார் சுற்றப் போய்விட்டாள்.

இது எங்கள் வீட்டின் சின்ன அனுபவம். தலித் மக்களுக்கு நடந்தது இதைவிடப் பல மடங்கு கொடுமை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை எழுதி அறிவித்தார்கள்; ஜே. எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். ஆதி திராவிட ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த வருடம் பட்டியல் பதினொன்றாக நீண்டது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. திருவிதாங்கூர் ஆணை வந்து நூறு வருடம் கழித்து, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், அதே சட்டம் அரசு முத்திரை இல்லாமல் ஓடியது.

அதனால்தான் சுயமரியாதை இயக்கம் ஒரு முழம் துணிக்கு அவ்வளவு மெனக்கெட்டது. நாகஸ்வரக்காரர்கள் பெரிய மனிதர் வீட்டு ஊர்வலத்தில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக் கூடாது. செட்டிநாட்டுத் திருமணம் ஒன்றில், வியர்வை துடைக்க வைத்திருந்த துண்டை எடுக்கச் சொல்லி அதட்டியபோது, எடுக்காதே, வாசி என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி நாகஸ்வரக்காரர் பக்கம் நின்றதாக அந்த இயக்கத்தவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை உண்டு. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் துண்டு அரசியலுக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன? நாராயணசாமி நாயுடுவின் விவசாயச் சங்கம் பச்சைத் துண்டு போட்டது. அவர் 1984இல் எங்களுக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில்தான் இறந்தார். கருணாநிதிக்கு மஞ்சள் சால்வை. எங்கள் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோவுக்குக் கறுப்புத் துண்டு. மேடைக்கு மேடை தோளில் துண்டு விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். யாரும் தோளிலிருந்து இறக்கச் சொல்ல முடியாத துண்டு என்ற நினைப்பு அதற்கு அடியில் எங்கோ இருக்கிறது.

இரண்டு பின்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். இவற்றோடு வைக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 43 துண்டுகளும் அங்கேதான் ஆரம்பித்தன.

நான் படித்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட் கூடாது என்று உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்து அது பெரிய செய்தியானது. சில வருடம் கழித்து நான் சேர்ந்தபோது எங்கள் கல்லூரியின் விதிகள் அதைத் தாண்டிப் போயிருந்தன. சுடிதார்தான். துப்பட்டா கட்டாயம். இரண்டு தோளிலும் பின் குத்தி, முன்பக்கம் V மாதிரி விழ வேண்டும். ஒரு தோளில் மட்டும் போட்டால் 'ஸ்டைல்'. ஐடி கார்டு ஃபைன் 50, துப்பட்டா பின் இல்லை என்றால் 100. கேட்டில் ஒரு மேடம் நின்று பார்ப்பார். லேப்பில் சால்டரிங் செய்யும்போதும் துப்பட்டாவைக் கழற்றக் கூடாது. ஒருத்தியின் துப்பட்டா நுனி பொசுங்கியது. அடுத்த நாள் புதிது வாங்கிவரச் சொன்னார்கள்.

அந்தத் துப்பட்டாக்கள் எல்லாம் பாலியஸ்டர். செட்டோடு வருவது. இங்கே கொஞ்சம் எஞ்சினியரிங் பேச அனுமதியுங்கள். பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம். வியர்வையைப் பருத்தி உறிஞ்சி, பரப்பி, காற்றுக்குக் கொடுக்கிறது. அது ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாலியஸ்டரில் வியர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே நிற்கும். பஸ்ஸில் ஐம்பது நிமிடம், கழுத்தைச் சுற்றி அந்த வழவழப்பு. மானத்துக்கு என்று போட்டது வியர்க்குருவாக மாறும்.

அப்போது எனக்குத் தோள்சீலைப் போராட்டம் தெரியாது. பள்ளிப் புத்தகத்தில் இருந்திருந்தாலும் இரண்டு மார்க் கேள்வியாகக் கடந்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு படித்தபோது முதலில் வந்தது குழப்பம். போடுவதற்காக அடிவாங்கிய துணியை, நாங்கள் போட மாட்டோம் என்று முனகினோமே, அது நன்றி கெட்டதனமா? மார்த்தாண்டம் பக்கத்துத் தோழி ஒருத்தி இதை நேராகவே கேட்டாள்: "எங்க பாட்டிக்குப் பாட்டி சண்டை போட்டு வாங்கினதுடி இது." நெடுநாள் யோசித்தேன். 1859 ஆணையின் கடைசி வரிதான் பதில் தந்தது. அவர்கள் கேட்டது வெறும் துணியை அல்ல. துணியைத் தருகிறோம், ஆனால் இந்த மாதிரி மட்டும் போடாதே என்றபோதும் அவர்கள் அந்த மாதிரியே போட்டார்கள். எப்படிப் போடுவது என்பதைத் தாங்களே முடிவுசெய்தார்கள். கேட்டில் நின்ற மேடம் பார்த்ததும் துணியை அல்ல, பின்னைத்தான்.

முதல் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு மல்மல் ஸ்டோல். இலைப்பச்சை. பின் இல்லாமல், ஒரு பக்கமாக, சும்மா கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டைத் தாண்டினேன். செக்யூரிட்டி அண்ணன் ஐடி கார்டை மட்டும் பார்த்தார்.

நூலின் நம்பர்

சேகரிப்பவர்களுக்குக் கண் பழக வேண்டும். என் கண்ணைப் பழக்கியது கடைகள் அல்ல, தாத்தா ஓட்டிய தறி இருந்த தெரு.

நூலுக்கு நம்பர் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு, 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகின்றன என்பதுதான் அந்த நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 20 சிட்டம், நூல் தடி. 80 என்றால் அதே எடையில் நாலு மடங்கு நீளம், நூல் மெலிசு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும், நெசவு கஷ்டமாகும், பாவு அறுந்துகொண்டே இருக்கும். வெயிலுக்கான நல்ல துண்டு என்பது மெல்லிய நூல் மட்டும் அல்ல. பாவிலும் ஊடையிலும் நெருக்கம் குறைவாக இருக்க வேண்டும். காற்று போக வழி வேண்டும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பல காலமாக பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். புண்ணுக்குக் கட்டும் துணி காற்றோட்டமாக இருக்க வேண்டுமே. டிசைனர் கடையில் 'காஸ் ஸ்கார்ஃப்' என்று தொங்குவதைத் தொட்டுப் பாருங்கள். அந்த நெசவின் ஒன்றுவிட்ட தங்கைதான்.

எங்கள் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. நயம் நூல் அதில் வராது, ஆனால் உழைக்கும். 1880களில் ஹார்வி கம்பெனி பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் மில் ஓட்டியது இந்தப் பஞ்சை நம்பித்தான். பிறகு தூத்துக்குடியில் அவர்கள் நடத்திய கோரல் மில்லில் 1908இல் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம் சரித்திரம். கையால் நெய்பவரைக் காப்பாற்ற என்று 1985இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி போன்ற 22 வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகக் குறைந்தது. துண்டும் அங்கவஸ்திரமும் இன்னும் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் தெருவில் கேட்பது என்னவோ விசைத்தறிச் சத்தம்தான்.

அந்தச் சத்தத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கல்லூரி ஃபீஸ் அதில்தான் வந்தது. ஆனால் பெங்களூரில் ஒரு கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டோலையும், ஊரில் 90 ரூபாய்க்கு வாங்கிய துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஸ்டோலின் நூல் மெலிசு, சாயம் நயம், கையால் நெய்தது. வித்தியாசம் உண்மையானதுதான். அந்த 1,360 ரூபாயில் எவ்வளவு தறி வரை போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. இப்போதெல்லாம் வாங்கும்போது ஊர்ப் பெயர் கேட்கிறேன். 'ஆர்டிசன் மேட்' என்று மட்டும் சொன்னால் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். பழவேற்காடு என்ற பெயராவது மலாய் மொழியில் மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீதி முழுக்கக் கடை. ஒரு கடையில் இளநீலக் கரை போட்ட ஈரிழைத் துண்டு வாங்கினேன். "யாருக்கு அக்கா, அண்ணாச்சிக்கா?" என்றான் பையன். "எனக்குத்தான்" என்று அங்கேயே தோளில் போட்டுக்கொண்டேன். 44.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அந்த மார்ட்டினிக் சதுரத்தைக் கேட்டாள். எதற்கு என்றேன்.

"சப்பரம் பாக்கப் போணும்லா. வெயிலு என்னமா அடிக்கி. தலையில கட்டிக்கிடுதேன்."

மூக்குப்பொடி டப்பாவை முந்தியில் முடிந்துகொண்டு, கண்ணாடி பார்க்காமல், பின்னால் கொண்டுபோய் ஒரே முடிச்சுப் போட்டாள். ஒரு முனை மட்டும் மேலே நின்றது. நான் சொல்லவில்லை, அதற்கு அந்தத் தீவில் என்ன அர்த்தம் என்று.